29 டாலர் நாதசுரம்

எங்கள் வீட்டில் ஆடித் தள்ளுபடிக்கு ஆனி மாதமே வேலை ஆரம்பித்துவிடும். அம்மா ஒரு நாள் சாயங்காலம் கடைவீதிக்குப் போய், எதுவும் வாங்காமல், நாலைந்து புடவைகளின் விலைச்சீட்டை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். ஆடி பிறந்ததும் அதே கடை, அதே புடவை. "போன மாசம் 900 ரூபா போட்டிருந்தான். இப்ப 1,500ன்னு அடிச்சு, அதுல 40 பர்சன்ட் தள்ளுபடியாம். யாருகிட்ட!" என்று கடைக்காரர் காதில் விழும்படியே சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார். கூடப் போகும் எனக்கு மானமே போகும்.

அந்த அம்மாவின் பிள்ளை நான் ஏமாந்த கதைதான் இது. நடுநடுவே கொஞ்சம் உருப்படியான தகவலும் உண்டு, பயப்படாமல் படிக்கலாம் :-)

நான் ஒன்றும் பெரிய இசையமைப்பாளன் இல்லை. விடுதி அறையில் ஒரு பழைய மடிக்கணினி, 25 கட்டை உள்ள குட்டிக் கீபோர்டு, ஒரு ஹெட்ஃபோன். இவ்வளவுதான் என் ஸ்டுடியோ. இந்தக் காலத்தில் வீட்டிலிருந்து இசை செய்ய இது போதும். மீதியெல்லாம் மென்பொருள். 1996ல் ஸ்டெய்ன்பெர்க் என்ற ஜெர்மன் நிறுவனம் தன் க்யூபேஸ் மென்பொருளோடு விஎஸ்டி என்ற முறையைக் கொண்டு வந்தது. ஒரு அறை நிறைய அடுக்கி வைக்க வேண்டிய கருவிகள் அதற்குப் பிறகு சின்னச் சின்ன ப்ளகின்களாகக் கணினிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. எதிரொலி வேண்டுமா, ஒரு ப்ளகின். குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய வேண்டுமா, இன்னொரு ப்ளகின். வயலின், பியானோ, டிரம்ஸ் எல்லாம் சாம்பிள் லைப்ரரி. அதாவது, யாரோ ஒரு கலைஞரை உட்கார வைத்து, ஒவ்வொரு சுரமாக, மெதுவாக ஒரு தடவை, பலமாக ஒரு தடவை என்று வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். நாம் கட்டையை அழுத்தினால் அந்தச் சத்தம் வரும்.

இதெல்லாம் காசு. நல்ல காசு.

முதல் வருடம் நானும் ஊரோடு ஒத்து வாழ்ந்தேன். சீனியர் ஒருவர் ஒரு ஹார்ட் டிஸ்க் கொடுத்தார். உலகத்தில் உள்ள அத்தனை ப்ளகினும், பூட்டு உடைக்கப்பட்ட நிலையில். ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கு ஒரு டீச் செலவில் கிடைத்த சந்தோஷம் மூன்று மாதம்தான் நீடித்தது. அதில் ஏதோ ஒன்றோடு சேர்ந்து வந்த வைரஸ், செமஸ்டர் ப்ராஜெக்ட் இருந்த ஃபோல்டரையும் சேர்த்துத் தின்றுவிட்டது. வைவாவுக்கு நான்கு நாள் முன்பு! இரண்டு ராத்திரி தூங்காமல் திரும்ப எழுதினேன். நீதி போதனையால் திருந்தவில்லை, அடிபட்டுத்தான் திருந்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இனி காசு கொடுத்து வாங்குவது, இல்லாவிட்டால் இலவசமாகக் கொடுப்பதை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் தள்ளுபடி என்ற உலகத்துக்குள் காலை வைத்தேன்.

நம் ஊர் ஆடி மாதிரி அவர்களுக்கு நவம்பர். அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழன் நன்றி தெரிவிக்கும் நாள். மறுநாள்தான் பிளாக் ஃப்ரைடே. ப்ளகின் கடைகளுக்கு அந்த வெள்ளி ஒரு நாளோடு முடிவதில்லை, மாதம் முழுக்க வெள்ளிதான். போதாக்குறைக்குக் கோடைத் தள்ளுபடி, புத்தாண்டுத் தள்ளுபடி, நிறுவனத்தின் பிறந்தநாள் தள்ளுபடி. ஏன் இப்படி? யோசித்தால் புரியும். புடவைக்கு நூல் வேண்டும், தறி வேண்டும். ஆயிரமாவது புடவைக்கும் அதே செலவு. ப்ளகினை ஒரு தடவை எழுதிவிட்டால் ஆயிரமாவது பிரதிக்கு ஏறக்குறைய செலவே இல்லை. அதனால் 200 டாலருக்கு வாங்குகிறவனிடம் 200, காத்திருக்கிறவனிடம் 30 என்று யார் எவ்வளவு கொடுப்பார்களோ அவ்வளவையும் வாங்கிக்கொள்ளலாம். அறிவித்த விலை அவசரக்காரனுக்கு, தள்ளுபடி விலை பொறுமைசாலிக்கு. இஸ்ரேலைச் சேர்ந்த வேவ்ஸ் நிறுவனத்தின் ப்ளகின்களை 29.99 டாலருக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அவற்றின் முழு விலை என்ன என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிர் ஆட்களும் இருக்கிறார்கள். வால்ஹல்லா என்று ஒரு சின்ன நிறுவனம். அவர்களுடைய எதிரொலி ப்ளகின்கள் 50 டாலர். ஆடி இல்லை, தீபாவளி இல்லை, எப்போது போனாலும் அதே 50 டாலர்தான். அதில் எனக்கு ஒரு நிம்மதி. நேற்று வாங்கியவன் இன்று வயிறு எரிய வேண்டியதில்லை பாருங்கள்.

சரி, ஏமாந்த கதைக்கு வருகிறேன்.

2023 நவம்பர். என் வகுப்பு நண்பன் ஒருவன் குறும்படம் எடுத்தான். கோயிலில் நாதசுரம் வாசித்த ஒரு பெரியவர், பல் போனபிறகு வாசிக்க முடியாமல் டீக்கடை நடத்துகிறார். கடைசிக் காட்சியில் விடிகாலை, கடையைத் திறக்கிறார், எங்கிருந்தோ நாதசுரம் கேட்கிறது. முப்பது விநாடி. படமே அந்த முப்பது விநாடியில்தான் இருக்கிறது. "மச்சி, மியூசிக் நீதான். பொங்கல் கழிச்சு போட்டிக்கு அனுப்பணும்" என்றான். தலையாட்டிவிட்டேன்.

சரியாக அந்த வாரம்தான் ஒரு கடையில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இந்திய இசைக்கருவிகள் மொத்தமும் அடங்கிய சாம்பிள் லைப்ரரி. 149 டாலர் அடித்து, 29 டாலர். மேலே சிவப்பு எழுத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் 3 மணி 12 நிமிடம். ராத்திரி பதினோரு மணி. அக்காவுக்குப் போன் போட்டேன்.

என்னிடம் இருந்த கார்டில் வெளிநாட்டுக்குப் பணம் போகாது. 2020ல் ரிசர்வ் வங்கி கொண்டு வந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும், வெளிநாட்டு வசதி வேண்டுமென்றால் நாமே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். அக்கா வேலைக்குப் போகிறவள், திறந்து வைத்திருந்தாள். தூக்கக் கலக்கத்தில் நம்பரைச் சொன்னாள். "எவ்வளவுடா?" "2,400க்கா. அடுத்த மாசம் தந்துடறேன்."

காலையில் அவளிடமிருந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. 2,957 ரூபாய்!

எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 29 டாலர், அன்றைக்கு டாலர் 83 ரூபாய் என்றால் 2,407. வெளிநாட்டிலிருந்து வரும் டிஜிட்டல் சரக்குக்கும் நமக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, அதைக் கடை பில் போடும்போது சேர்த்துக்கொண்டது. 433. ஆச்சா, 2,840. அதன் மேல் டாலராக மாற்றிக் கொடுத்ததற்கு வங்கி 3.5% பிடித்தது, 99. அந்த 99க்கு ஒரு ஜிஎஸ்டி, 18 ரூபாய். மொத்தம் 2,957. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலேயே கூடுதல். விளம்பரத்தில் இருக்கும் விலை நம் விலை இல்லை மக்களே. அதோடு கால் பங்கைக் கூட்டி வைத்துக்கொண்டு யோசித்தால் அதிர்ச்சி இருக்காது.

அது போகட்டும். 11 ஜிபி. விடுதி இணையத்தில் இரண்டு ராத்திரி இறங்கியது. திறந்தேன். சித்தார், தபலா, சரோட், பன்சூரி, சாரங்கி... கீழே இறங்கிக்கொண்டே போனேன். தவில் இல்லை. மிருதங்கம் இல்லை. நாதசுரம் இருக்க வேண்டிய இடத்தில் ஷெனாய். விந்திய மலைக்குத் தெற்கே இந்தியா கிடையாது போலிருக்கிறது. தவறு கடைக்காரர் மீது இல்லை. கருவிகளின் பட்டியல் அதே பக்கத்தில் இருந்தது. நான்தான் கடிகாரத்தைப் பார்த்தேன், பட்டியலைப் பார்க்கவில்லை.

சரி, ஷெனாயை வைத்தாவது ஒப்பேற்றலாம் என்று உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழிந்ததும் சத்தம் நின்றுவிட்டது. மறுபடி திறந்தேன். மறுபடி கால் மணி நேரம். அப்போதுதான் அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். முழு கான்டாக்ட் தேவை.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இன்னொருத்தர் தப்பிக்கலாம். கான்டாக்ட் என்பது பெர்லினில் பிறந்த ஒரு மென்பொருள். சாம்பிள் லைப்ரரிகளில் பெரும்பகுதி அதற்குள்தான் ஓடும். அதில் இரண்டு வகை. கான்டாக்ட் ப்ளேயர் இலவசம். முழு கான்டாக்ட் காசு, அதுவும் சில நூறு டாலர். லைப்ரரி செய்தவர் அனுமதிக் கட்டணம் கட்டியிருந்தால் அது இலவச ப்ளேயரில் முழுசாக ஓடும். கட்டவில்லை என்றால் அதே ப்ளேயரில் 15 நிமிடம் மட்டும் மாதிரிக்கு ஓடிவிட்டு நின்றுவிடும். ரொம்ப மலிவாக வரும் லைப்ரரிகளில் நிறைய இந்த இரண்டாவது ரகம். நூறு ரூபாய்க்குக் கடிவாளம் வாங்கிவிட்டுக் குதிரைக்கு அலைந்த கதைதான்.

டவுன்லோடு செய்த சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டும் பார்த்தேன், மரியாதையாக மறுத்துவிட்டார்கள். இன்னொன்று, அந்தச் சிவப்புக் கடிகாரம்? இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். 48 மணி நேரத்திலிருந்து புதிதாக ஓடிக்கொண்டிருந்தது. விலை அதே 29. அம்மா இருந்திருந்தால் காதில் விழும்படி ஏதாவது சொல்லியிருப்பார்.

கால் மணி நேரத் துண்டுகளாக ஒட்டிப் பிடித்து முப்பது விநாடி செய்து நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். ஹெட்ஃபோனைக் கழற்றினான். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மச்சி, தப்பா எடுத்துக்காத. வடநாட்டுக் கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கு" என்றான்.

சிரிப்பு வந்தாலும் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டில் கெஞ்சி வாங்கிய பணத்தில் எடுத்த படம் அது.

மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். எங்கள் தெருமுனைக் கோயிலில் மார்கழி முழுக்க விடியற்காலை நாதசுரம் உண்டு. சின்ன வயதிலிருந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திட்டிய அதே நாதசுரம் :-) மூன்றாம் நாள் எழுந்து போய் அந்த அண்ணனிடம் கேட்டேன். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனை நிமிஷம் வேணும் தம்பி?"

"முப்பது செகண்டுண்ணே."

சிரித்தார். "முப்பது செகண்டா? சீவாளி நனையறதுக்கே அதுக்கு மேல ஆகுமேப்பா." பிறகு காட்சி என்ன என்று கேட்டார். சொன்னேன். பல் போன பெரியவர் என்றதும் ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. "விடியக்காலைன்னா பௌளி வாசிக்கிறேன். நாளைக்கு பூசை முடிஞ்சதும் வா."

போனில்தான் பதிவு செய்தேன். பக்கத்தில் வைத்து எடுத்த முதல் பதிவு கிழிந்துபோய் இருந்தது. நாதசுரத்தின் சத்தம் அப்படி, போன் மைக் தாங்கவில்லை. எதிர்த் தூண் ஓரமாக, இருபதடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை நாதசுரத்தோடு அந்தக் கல் மண்டபமும் சேர்ந்து பதிவானது. ஒவ்வொரு சுரமும் தூணில் பட்டுத் திரும்பி வந்தது. தள்ளுபடியில் வாங்கிய மூன்று எதிரொலி ப்ளகின்கள் என்னிடம் இருக்கின்றன. மூன்றில் ஒன்றுகூட இந்தச் சத்தத்தைத் தராது.

இன்னொன்றும் அங்கே புரிந்தது. சாம்பிள் லைப்ரரியில் சுரங்கள் தனித்தனியாக இருக்கும். நாதசுரத்தில் சங்கீதமே ஒரு சுரத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இருக்கிறது. உதட்டை இறுக்கி, மூச்சைக் கூட்டிக் குறைத்து அவர் போகிற அந்த வழியைப் பட்டியல் போட்டுப் பதிவு செய்ய முடியுமா என்று தெரியவில்லை. பியானோவில் அந்த வழியே கிடையாது, அதனால்தான் பியானோ லைப்ரரிகள் அத்தனை நன்றாக இருக்கின்றன.

1,000 ரூபாய் கொடுத்தேன். பேரம் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒன்று கேட்டார். "கம்ப்யூட்டர்ல எங்க வாத்தியச் சத்தமெல்லாம் விக்கிறாங்கங்கிறியே, வாசிச்சவனுக்கு என்ன குடுப்பாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சில நிறுவனங்கள் வாசித்தவர்களுக்கு விற்பனையில் பங்கு கொடுக்கின்றன என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரே தடவை கூலி கொடுத்து அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. நான் வாங்கிய அந்த லைப்ரரியில் ஷெனாய் வாசித்தவரின் பெயர்கூட எங்கும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். 149ஐ 29 ஆக்கியதில் என் பை எவ்வளவு மிச்சம் என்று மட்டும்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

மற்ற வேலையெல்லாம் காசில்லாத சரக்கில் முடிந்தது. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 60 நாள் முழுசாக இலவசம், பிறகு என்னைப் போன்றவர்களுக்கு 60 டாலர். நம் வினாம்பை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் இதையும் செய்தவர். அடியில் மெல்லிய தம்புரா மாதிரி ஓடும் சத்தத்துக்கு வைட்டல், 2020ல் வந்த சிந்தசைசர், அடிப்படைப் பதிப்பு இலவசம். பின்னால் ஒரு வயலின் கூட்டம், ஸ்பிட்ஃபயர் நிறுவனம் இலவசமாகக் கொடுத்த பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர். 2020ல் அது வந்தபோது ஒரு வேடிக்கையான விலை வைத்திருந்தார்கள். 49 டாலர் கொடுத்தால் உடனே, இல்லாவிட்டால் ஒரு கேள்வித்தாளை நிரப்பிவிட்டு 14 நாள் காத்திருந்தால் சும்மா. அண்ணனின் நாதசுரம் இரண்டரைக் கட்டை, அதிலும் ஒரு மயிரிழை விலகல். மற்ற சத்தங்களையும் அவருடைய சுருதிக்கு இறக்கினேன். அவருடையதைத் தொடவில்லை.

போட்டியில் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கல்லூரி அரங்கில் போட்டபோது, அந்த முப்பது விநாடியில் யாரும் போனைப் பார்க்கவில்லை. எனக்கு அது போதும்.

இனி, சூடுபட்ட பூனை தனக்காக எழுதி வைத்திருக்கும் விதிகள். வேண்டுமென்றால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தேவை முதலில், தள்ளுபடி பிறகு. என்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் இல்லாத பொருள் 90% தள்ளுபடியில் வந்தாலும் எனக்கு நூறு சதவீத நஷ்டம்தான்.

2. ஆனி மாத விலையைப் பாருங்கள். அதாவது, அந்தப் பொருள் கடந்த ஒரு வருடத்தில் எந்த விலைக்கெல்லாம் வந்திருக்கிறது என்று. ஒரு தடவை 29க்கு வந்தது மறுபடி வரும். கடிகாரத்தைப் பார்த்து ஓடாதீர்கள்.

3. பொடி எழுத்தைப் படியுங்கள். முழு கான்டாக்ட் வேண்டுமா, ப்ளேயர் போதுமா? ஐலாக் கேட்கிறதா? எத்தனை கணினியில் போடலாம்? வேண்டாம் என்றால் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா?

4. பிறகு வரும் செலவு. சில ப்ளகின்களுக்கு முதல் வருடத்துக்குப் பிறகு புதுப்பிக்கக் காசு கட்ட வேண்டும். சில, சந்தா. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் இனிமேல் சந்தா மட்டும்தான் என்று அறிவித்து, வாடிக்கையாளர்கள் கொதித்து எழுந்ததும் சில நாட்களிலேயே தனி விற்பனையைத் திரும்பக் கொண்டு வந்தது. காசு கொடுப்பவன் வாய் திறந்தால் நடக்கும் என்பதற்கும் அது ஒரு சாட்சி.

5. மாணவர் என்றால் கேளுங்கள். ஏபிள்டன் மாணவர்களுக்கு 40% குறைத்துக் கொடுக்கிறது. இதற்குக் கடிகாரம் கிடையாது, கல்லூரி அடையாள அட்டை போதும்.

6. கொசுறை விடாதீர்கள். கீபோர்டோ ஆடியோ இன்டர்ஃபேஸோ வாங்கும்போது பெட்டியில் ஒரு சீட்டு இருக்கும். அதில் உள்ள எண்ணைப் பதிந்தால் பெரிய மென்பொருள்களின் சின்னப் பதிப்புகள் கிடைக்கும். என் சீட்டு ஒரு வருடம் மேசை டிராயரில் தூங்கியது.

7. இலவசத்திலும் அளவு வேண்டும். ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் அதற்கும் காசு. அதைவிட, எதை எடுப்பது என்று தேடுவதிலேயே ராத்திரி போய்விடும், பாட்டு பிறக்காது. அந்த வருடம் நான் சேர்த்த ப்ளகின்கள் 41. முடித்த பாட்டுகள் 2.

அக்காவின் 2,957 ரூபாயை, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இரண்டு மாதம் கணக்கு சொல்லிக் கொடுத்து அடைத்தேன். அவள் வட்டி கேட்கவில்லை. "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்டா" என்று மட்டும் சொன்னாள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஆடிக்குக் கடைவீதி முழுக்க என் கதைதான் ஓடும்.

பின்குறிப்பு: அந்த லைப்ரரி இன்னும் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. 11 ஜிபி. அழிக்க மனசு வரவில்லை. சாரங்கி நன்றாகத்தான் இருக்கிறது, பதினைந்து நிமிடம் வரை.